டீச்சர் பதில்கள்: 726 புள்ளிகளும் ஒரு பேறுகாலமும்

போன இதழில் ஒரு வாசகி, “மகள் பேறுகாலத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்கள் அங்கே பொழுதை எப்படிப் போக்குவது?” என்று கேட்டிருந்தார். “நான் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் ஃபுட்பால் பார்த்தேன். 15 ஆட்டம், ஒன்றில்கூடத் தோற்காத அணி” என்று இரண்டு வரி எழுதிவிட்டு, வேறொருவரின் மாமியார் பிரச்சினைக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களை உதவி ஆசிரியர் ஒரு பையில் போட்டு அனுப்பியிருக்கிறார். ஆகவே இந்த மாதம் சமையல், சர்க்கரை, சொத்துத் தகராறு எதுவும் கிடையாது.

எந்த ஊர், எந்தக் கல்லூரி, எந்த வருடம் என்றே சொல்லவில்லையே டீச்சர்? (எஸ். எம்., விருதுநகர்)

லூசியானா மாநிலத்தின் தலைநகர் பேட்டன் ரூஜ். அங்குள்ள லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். ஊரில் எல்லோர் வாயிலும் அது எல்.எஸ்.யு.தான். வருடம் 2019. மகள் அங்கே கடலோரச் சதுப்பு நிலங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் ஆகஸ்ட் நடுவில் போய் இறங்கினேன். பிப்ரவரி முதல் வாரத்தில் திரும்பினேன். ஆட்டங்கள் ஆகஸ்ட் 31-ல் தொடங்கி ஜனவரி 13-ல் முடிந்தன. எனக்குக் கிடைத்த ஆறு மாதத்துக்கும் அவர்கள் சீசனுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருத்தம்.

மிசிசிப்பி ஆறு ஊரை ஒட்டிப் போகிறது. ஆகஸ்டில் வெளியே கால் வைத்தால் தூத்துக்குடிப் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டும். அணிக்குப் பெயர் டைகர்ஸ். பெயரோடு விடவில்லை, அரங்கத்துக்கு எதிரே நிஜமாகவே ஒரு வேங்கைப் புலியை வளர்க்கிறார்கள். அதன் பெயர் மைக். அது காலமானால் அடுத்து வருவதற்கும் மைக்தான் பெயர். நான் பார்த்தது ஏழாம் மைக், மன்னர் பரம்பரை மாதிரி. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து அதன் எதிரே நிறுத்தினால் இரண்டு பேரும் தூங்குவார்கள்.

ஃபுட்பால் என்கிறீர்கள். டி.வி.யில் பார்த்தால் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், முட்டிச் சாய்க்கிறார்கள். இது என்ன ஆட்டம்? (க. ராஜன், சிவகாசி)

நானும் முதல் மூன்று வாரம் இதைத்தான் கேட்டேன். காலுக்கு அங்கே வேலை கொஞ்சம்தான். பந்தும் உருண்டை இல்லை, மட்டை உரிக்காத தேங்காய் போல இருக்கும்.

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜம் நீளம். (ஜவுளிக் கடையில்கூடச் செத்துப்போன கஜம் இங்கே உயிரோடு இருப்பதைப் பார்த்துக் கணக்கு டீச்சருக்குப் பாதி சந்தோஷம்.) பந்து உங்கள் கையில் இருந்தால், பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு தருவார்கள். பத்தைத் தாண்டிவிட்டால் புதிதாக நான்கு. தாண்டாவிட்டால் பந்து எதிராளிக்கு. இப்படியே தள்ளித் தள்ளி எதிர்முனைக்குள் பந்தோடு நுழைந்துவிட்டால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொன்று. உதைக்காமல் மறுபடி உள்ளே கொண்டு போனால் இரண்டு. உள்ளே நுழைய முடியாமல் தூரத்திலிருந்தே உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பினால் 3.

குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும். ஓடுகிறவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறிவதா என்று இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் 130 கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சாய்க்க வந்துகொண்டிருப்பார்கள். மீதியெல்லாம் பார்க்கப் பார்க்கப் புரியும்.

ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரமாமே? முதுகு வலிக்கவில்லையா? (வாசகி, தென்காசி)

ஆட்டக் கடிகாரத்தில் 60 நிமிடம்தான். மற்றதெல்லாம் விளம்பரம். அந்த நேரத்தில் பிள்ளைக்கு வெந்நீர் போட்டேன், பூண்டு உரித்தேன், லேகியம் கிளறினேன். முதுகுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.

நீங்கள் ஹாக்கி ஊர்க்காரர். கோவில்பட்டியில் பிறந்துவிட்டு இதில் எப்படி விழுந்தீர்கள்? (மு. செ., கோவில்பட்டி)

ஊர்க்காரரின் மனத்தாங்கல் புரிகிறது. பள்ளி ஹாக்கி அணியோடு பொறுப்பு ஆசிரியையாக ஊர் ஊராகப் போய், பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு எலுமிச்சைத் துண்டு நீட்டியவள்தான் நான். விசுவாசம் மாறவில்லை.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. நான் அடுப்படியில் இருந்தேன். மாப்பிள்ளை ஹாலிலிருந்து, “அத்தை, கேஸை அணைச்சுட்டு இங்க வாங்க, இத மட்டும் பாத்துட்டுப் போங்க” என்றார். அவர் இப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஆட்டம். எல்.எஸ்.யு. 37-31 என்று முன்னால் இருக்கிறது, நேரம் மூன்று நிமிடம்கூட இல்லை. மூன்றாவது வாய்ப்பு, 17 கஜம் போக வேண்டும். இந்த நிலையில் யாராக இருந்தாலும் பத்திரமாக நாலடி ஓடி, கடிகாரத்தை ஓடவிட்டு, பந்தை எதிராளிக்கு உதைத்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளை விளக்கிக்கொண்டிருக்கும்போதே, 9-ஆம் எண் பையன் பந்தை வாங்கினான். ஆட்கள் மேலே விழ வருகிறார்கள். இரண்டு எட்டு ஒதுங்கினான், எறிந்தான். ஜஸ்டின் ஜெஃபர்சன் என்ற பையன் ஓடிக்கொண்டே பிடித்து, ஓடிக்கொண்டே உள்ளே போய்விட்டான். 61 கஜம்.

எனக்கு விதி ஒன்றும் தெரியாது. ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் ஒருவன் பயப்படவில்லை என்பது தெரிந்தது. 45-38 என்று ஜெயித்தார்கள். லேகியம் அடிப்பிடித்துவிட்டது. மகள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

இரண்டு வாரம் கழித்து, 21-ந் தேதி விடியற்காலை பேரன் பிறந்தான். அன்று பதினொரு மணிக்கு வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். ஆஸ்பத்திரி அறையில் சத்தத்தை அணைத்துவிட்டு நானும் மாப்பிள்ளையும் பார்த்தோம். 66-38. ஜமார் சேஸ் என்ற பையன் மட்டும் நான்கு டச் டவுன் பிடித்தான். நர்ஸ் உள்ளே வந்தவர், பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் ஸ்கோரைப் பார்த்தார்.

முந்தைய வருடங்களில் இந்த அணி சுமார்தான் என்று படித்தேன். ஒரே வருடத்தில் என்ன மந்திரம்? (பேராசிரியர் தி. வ., பாளையங்கோட்டை)

சுமார் இல்லை ஐயா, நல்ல அணிதான். 2018-ல் 13-ல் 10 ஜெயித்திருந்தார்கள். ஆனால் இரண்டு வீடு தள்ளி அலபாமா பல்கலைக்கழகம் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனால் மட்டும் கை கால் ஓடாது. 2011 நவம்பருக்குப் பிறகு அலபாமாவோடு எட்டு ஆட்டம், எட்டிலும் தோல்வி. ஒரு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: அந்த எட்டு ஆட்டத்தில் எல்.எஸ்.யு. எடுத்தது மொத்தம் 73 புள்ளி. மூன்று ஆட்டத்தில் முட்டை. 2018-ல் சொந்த அரங்கத்தில், ஒரு லட்சம் பேர் பார்க்க, 29-0.

நோய் என்னவென்றால், கோயில் திருவிழாக் கூட்டத்தில் முண்டியடித்துப் போகிற மாதிரி ஆடினார்கள். பெரிய பெரிய ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்தி, பின்னால் ஒருவனை ஓடவிட்டு மூன்று கஜம், நான்கு கஜம் என்று இடித்துப் போவது. அலபாமாவிடம் அதைவிடப் பெரிய ஆட்கள் இருந்தார்கள். இடித்தால் சுவர்.

பயிற்சியாளர் எட் ஓர்ஷரோன் அந்த மண்ணின் ஆள். லூசியானாவின் தென்கோடியில், நீரோடைகளுக்கு நடுவே லரோஸ் என்ற சின்ன ஊர். குரலைக் கேட்டால் கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டுவது போல இருக்கும். இளம் வயதில் எல்.எஸ்.யு.வில் ஆட வந்து, தாக்குப்பிடிக்காமல் வீடு திரும்பியவர். பிறகு நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடினார். (2019-ல் அந்தப் பல்கலைக்கழகமும் இவர்களிடம் வந்து 65-14 வாங்கிக்கொண்டு போனது. பாவம்.) மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக மூன்று வருடம் இருந்து, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். 2019-ல் அவருக்கு 58 வயது.

அந்த வயதில், அந்த அனுபவத்தில், “நாங்கள் ஆடுகிற விதம் பழசாகிவிட்டது” என்று ஒத்துக்கொண்டு, நியூ ஆர்லியன்ஸ் தொழில்முறை அணியில் உதவியாளராக இருந்த ஜோ பிரேடி என்ற பையனைக் கூட்டிவந்தார். 29 வயது. பிரேடி கொண்டுவந்த முறையில், பந்து பிடிக்கிறவர்களை மைதானத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவார்கள். தடுக்கிறவர்களும் பரவியே ஆக வேண்டும், நடுவில் இடைவெளி விழும். ஹாக்கி பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: நடுவில் இடிக்காமல் விங்குக்குத் தள்ளுகிற அதே புத்திதான்.

எல்லோரும் பிரேடியைப் பற்றியே பேசினார்கள். எனக்குக் கண் போனது ஸ்டீவ் என்ஸ்மிங்கர் மேல். தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பான பயிற்சியாளர், அறுபதைத் தாண்டியவர், 1970-களில் இதே எல்.எஸ்.யு.வுக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 29-0 தோற்றபோது தாக்குதலுக்குப் பொறுப்பு அவர்தான். அவருடைய பாதி வயதில் ஒருவனைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்த்தி, “இனி இவன் சொல்கிற மாதிரியும் ஆடலாம்” என்றால் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? மனிதர் இடம் விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். அந்த டிசம்பரில் நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளர் விருது பிரேடிக்குக் கிடைத்தது, என்ஸ்மிங்கருக்கு இல்லை.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும். 52 வயதில் இருந்தபோது எங்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு கணக்கு ஆசிரியை வந்தாள். பின்னங்களை முறுக்குத் துண்டை வைத்து நடத்தினாள். பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது. ஆறு மாதம் அவளிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்த இதழ் அவள் வீட்டுக்கும் போகும்.

அந்த 9-ஆம் எண் பையனைப் பற்றிச் சொல்லுங்கள். (பிளஸ் டூ மாணவன், ஸ்ரீவில்லிபுத்தூர்)

ஜோ பரோ. ஒஹாயோ மாநிலத்துப் பிள்ளை. அப்பா ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர். 2018 முடிந்ததும் மகன் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓய்வு பெற்றுவிட்டார். பையன் ஒஹாயோ ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முதன்மைக் குவார்ட்டர்பேக் இடம் கிடைக்கவில்லை. சும்மாவும் இருக்கவில்லை, மூன்றே வருடத்தில் பட்டத்தை வாங்கிக்கொண்டு 2018-ல் எல்.எஸ்.யு.வுக்கு வந்தான். அந்த வருடம் 16 டச் டவுன் எறிந்தான். அடுத்த வருடம் 60.

தம்பி, நீ பிளஸ் டூ என்பதால் ஒரு கணக்கு. 2019-ல் அவன் எறிந்தது 527 முறை. சேர வேண்டியவன் கையில் சேர்ந்தது 402. சதவீதம் போட்டுப் பார். எதிராளி பிடித்தது வெறும் 6. மொத்தம் 5,671 கஜம். ஒரு கஜம் 0.9144 மீட்டர் என்றால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல். ஓட்டத்தில் அல்ல, வீச்சில்.

டிசம்பர் 14-ந் தேதி நியூயார்க்கில் ஹைஸ்மன் கோப்பை கொடுத்தார்கள். கல்லூரி ஆட்டக்காரனுக்கு அதற்கு மேல் பரிசு இல்லை. மேடையில் அழுதுவிட்டான். தன் ஊர்ப் பக்கம் வறுமை அதிகம், பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் தட்டில் பெரிதாக ஒன்றும் இல்லாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்று சொன்னான். கேட்ட யாரோ ஒரு ஊர்க்காரர் அந்தப் பகுதி உணவு வங்கிக்காக நிதி திரட்ட ஆரம்பிக்க, சில நாளில் 5 லட்சம் டாலரைத் தாண்டியது. சத்துணவு மணி அடிக்கும்வரை கரும்பலகையையே பார்க்காத பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பாடம் நடத்தியவள் நான். அவன் பேசியதை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தேன்.

அலபாமாவோடு நடந்த ஆட்டத்தை நீங்கள் விவரித்தே ஆக வேண்டும். (ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்)

நவம்பர் 9, மதியம். இடம் டஸ்கலூசா, அலபாமாவின் சொந்த அரங்கம். அங்கே அவர்கள் தொடர்ந்து 31 ஆட்டம் தோற்றதில்லை. நாட்டின் அதிபர் டிரம்ப் வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் வேறு நான்கு தமிழ்க் குடும்பம். ஏழு வாரப் பிள்ளையை யார் மடியில் வைத்திருந்தார்களோ எனக்குத் தெரியாது, என் மடியில் இல்லை.

இடைவேளையில் 33-13. எட்டு வருடத்துக் கடனை ஒரே மதியத்தில் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. “அலபாமா அத்தை, சும்மா விடமாட்டாங்க” என்றார். சொன்ன மாதிரியே ஏறி வந்தார்கள். 39-34 வரை வந்துவிட்டது.

அங்கேதான் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர். பேட்டன் ரூஜ் பையன், உள்ளூர். உயரம் 5 அடி 8 அங்குலம். அந்த மலைகளுக்கு நடுவே நம் வீட்டுப் பிள்ளை மாதிரித் தெரிவான். பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவன். ஒருவன் பிடித்தால் சுழன்றான், இரண்டு பேர் பிடித்தால் இழுத்துக்கொண்டு போனான். விழுந்தான் என்று நினைத்தால் இன்னும் மூன்று கஜம் போயிருப்பான். அந்த ஆட்டத்தில் நான்கு டச் டவுன் அவனுடையது. கடைசியாக அவன் உள்ளே போனபோது 46-34. உடனே அலபாமா 85 கஜத்துக்கு ஒரு வீச்சு, 46-41. நிமிடம் ஒன்றரைகூட இல்லை. அலபாமா பந்தைச் சின்னதாக உதைத்துத் தாங்களே எடுக்கப் பார்த்தார்கள். எல்.எஸ்.யு. பையன் ஒருவன் அதன் மேல் விழுந்து கட்டிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஓர்ஷரோன் கண்ணைத் துடைத்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எங்கள் ஹாலிலும் துடைத்தார்கள். அன்று இரவு தெருவெல்லாம் கார் ஹாரன். பிள்ளை தூங்கவில்லை.

அரங்கத்துக்குள் போனீர்களா? சாப்பாடு எப்படி? (ச. மீ., நாகர்கோவில்)

ஒரே ஒரு முறை. நவம்பர் 30, டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தோடு. மாப்பிள்ளையின் நண்பர் ஊருக்குப் போனதால் கிடைத்த சீட்டு. உச்சாணிக்கொம்பில் இடம், ஏறி முடிப்பதற்குள் இரண்டு முறை முருகனைக் கூப்பிட்டேன்.

காலையிலிருந்தே வளாகம் முழுக்கக் கூடாரம். ஓக் மரத்தடியெல்லாம் அடுப்பு. முன்பின் தெரியாதவர்கள் தட்டை நீட்டுகிறார்கள். ஜம்பலாயா என்று ஒன்று: கோழி, பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, மிளகாய் எல்லாம் போட்டு அரிசியோடு வேக வைப்பது, பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம். கம்போ என்று ஒரு குழம்பு. வெண்டைக்காய்க்கு ஆப்பிரிக்காவில் இருந்த பேரிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். வாசனை ஆளைத் தூக்குகிறது. ஆனால் நான் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டேன், இவர்களுக்கோ அந்த வருடம் ஊரில் நடந்த ஆட்டமெல்லாம் சனிக்கிழமைதான். ஆறு மாதமும் வாசனையோடு சரி. தயிர்சாதம் கொண்டு போயிருந்தேன். வாயிலில் இருந்த காவலர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, முகர்ந்து, அதை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்.

உள்ளே 1,02,321 பேர் உட்காரலாம். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. 1988 அக்டோபர் 8-ந் தேதி இங்கே ஆபர்ன் அணியை 7-6 என்று ஜெயித்த ஆட்டத்தில், அந்த டச் டவுன் வந்த நொடியில், பல்கலைக்கழகத்து நில அதிர்வுக் கருவியிலேயே கோடு துள்ளியதாம். மகள் சொன்னபோது நம்பவில்லை, அன்று நம்பினேன்.

இறுதி ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது சொந்த மண்ணில் கடைசி ஆட்டம். ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். பரோ வந்தபோது முதுகில் அவன் பெயரை வேறு மாதிரி எழுதியிருந்தது. லூசியானாவில் பிரெஞ்சு வழக்கம் இன்னும் இருக்கிறது. ‘ஓ’ என்ற ஒற்றை ஒலிக்கு இ, ஏ, யூ, எக்ஸ் என்று நான்கு எழுத்துப் போடுவார்கள். புதுச்சேரியில் பழைய பெயர்ப்பலகைகளைப் படிக்கத் திணறியவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். ஒஹாயோக்காரன் தன் பெயரின் கடைசி ‘ஓ’வை அந்த ஊர் எழுத்தில் மாற்றிக்கொண்டு வந்து நின்றான். என் பக்கத்தில் இருந்த தாத்தா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டமா? 50-7. முந்தைய வருடம் இதே அணியிடம் ஏழு கூடுதல் சுற்று ஆடி 74-72 என்று தோற்றிருந்தார்கள். கணக்குத் தீர்ந்தது.

15 ஆட்டத்தில் தோற்றுவிடுவார்கள் என்று பயந்த ஆட்டம் உண்டா? (பெயர் இல்லை, மதுரை)

அக்டோபர் 26, ஆபர்ன். 23-20. மற்ற பதினாலிலும் 36-க்குக் குறைந்ததில்லை. நான் வைத்திருந்த நோட்டில் கூட்டியிருக்கிறேன்: எடுத்தது 726, கொடுத்தது 328. ஆட்டத்துக்குச் சராசரி 48.4. கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் ஒரே பருவத்தில் அதுவரை யாரும் இவ்வளவு எடுத்ததில்லை.

என்ஸ்மிங்கர் என்ற பெயரை அட்லாண்டா ஆட்டத்தோடு சேர்த்து எங்கோ கேட்ட நினைவு. (ஜே. பி., தூத்துக்குடி)

டிசம்பர் 28, தேசிய சாம்பியன் பட்டத்துக்கான அரையிறுதி, அட்லாண்டாவில் ஓக்லஹோமாவோடு. அன்று காலை லூசியானாவில் லஃபாயட்டிலிருந்து ஆட்டத்துக்குக் கிளம்பிய சிறு விமானம் விழுந்தது. அதில் என்ஸ்மிங்கரின் மருமகள் இருந்தார், விளையாட்டுச் செய்தியாளர். ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்னால் அவருக்குச் செய்தி வந்தது. அவர் அரங்கத்தின் மேலே பயிற்சியாளர்கள் உட்காரும் அறைக்குப் போய் உட்கார்ந்து வேலையைச் செய்தார். பரோ முதல் பாதியிலேயே ஏழு டச் டவுன் எறிந்தான். 63-28. எங்கள் வீட்டில் அன்று யாரும் கை தட்டவில்லை. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா? (வங்கி ஓய்வூதியர், ராஜபாளையம்)

அப்போது கிடையாது. படிப்புக்கான உதவித்தொகை, தங்க இடம், சாப்பாடு, அவ்வளவுதான். பயிற்சியாளருக்கோ கோப்பை வாங்கிய கையோடு ஆறு வருடத்துக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம். ஒரு லட்சம் பேர் பையனின் எண்ணைப் போட்ட சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பையன் தன் பெயரை வைத்து ஒரு டாலர் சம்பாதித்தால் விதிமீறல். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. மாப்பிள்ளையிடம் அப்போதே சண்டை போட்டேன், அவர் என்னவோ விதி எழுதியவர் மாதிரி. 2021 ஜூலையிலிருந்து பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகக் கொடுக்கலாம்.

ஒரே புகழ்மாலை! அந்தப் பல்கலைக்கழகத்தில் குறையே இல்லையா? (வழக்கறிஞர், திருநெல்வேலி)

இருக்கிறது, அதுவும் சின்னக் குறை இல்லை. பெண்கள் கொடுத்த பாலியல் புகார்களை, விளையாட்டு வீரர்கள் மீதானவை உட்பட, எல்.எஸ்.யு. வருடக்கணக்காகச் சரியாகக் கையாளவில்லை என்று பல்கலைக்கழகமே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. நான் ஊருக்கு வந்த பிறகு வெளிவந்தது. மகள் அனுப்பினாள், படித்தேன். அதன்பின் அந்தப் பழைய ஆட்டங்களை யூடியூப்பில் போட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்குக் குறைந்துவிட்டது. நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

இறுதி ஆட்டம் எப்படி முடிந்தது? அந்த அணி இப்போதும் அப்படியேதானா? பேரன் என்ன செய்கிறான்? (அ. லெ., காரைக்குடி)

மூன்று கேள்வி, ஒரு அஞ்சலட்டை. செட்டிநாட்டுச் சிக்கனம்.

இறுதி ஆட்டம் ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ். எதிராளி கிளெம்சன். அவர்களுக்கும் பெயர் டைகர்ஸ், அவர்கள் அரங்கத்துக்கும் செல்லப்பெயர் இவர்களுடையது போலவே ‘மரணப் பள்ளத்தாக்கு’. தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்தவர்கள். இரண்டாம் கால்பகுதியில் 17-7 என்று எல்.எஸ்.யு. பின்தங்கியது. அந்த சீசனில் அவர்கள் பத்துப் புள்ளி பின்னால் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.  பிறகு வரிசையாக மூன்று டச் டவுன். அதற்கிடையில் பரோவுக்கு விலாவில் அடி வேறு. கிளெம்சன் 28-25 வரை எட்டிப் பிடித்தது. கடைசியில் 42-25.

அப்புறம் கூடு கலைந்தது. பிரேடி சில நாளிலேயே தொழில்முறை அணி ஒன்றுக்குப் போனார். ஏப்ரலில் தொழில்முறை அணிகள் கல்லூரிகளிலிருந்து ஆள் எடுத்தபோது 14 பேர் போனார்கள், முதல் ஆளாகப் பரோ. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 44-34 தோல்வி. அந்த வருடம் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. ஆறு வருட ஒப்பந்தம் போட்ட ஓர்ஷரோன் 2021-ஓடு வெளியே. கொரோனாவில் ஊரடங்கி வீட்டில் கிடந்த நான், கோவில்பட்டியில் விடியற்காலை செல்போனில் அந்த 44-34-ஐப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் தூங்காமல் இருந்திருக்கிறார். “விடுங்க அத்தை” என்று மட்டும் பதில் வந்தது.

பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அவனுக்குப் பிடித்தது கால்பந்து. காலால் உதைக்கிற நம் கால்பந்து. அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கடையில் மாப்பிள்ளை வாங்கிய ஊதாநிறக் குல்லா என் பீரோவில் இருக்கிறது. போன கோடையில் வந்தபோது எடுத்துக் காட்டினேன். பொம்மைக்குப் போட்டுப் பார்த்தான், பொம்மைக்கும் பற்றவில்லை.